பழைய வழியை அடைத்த வீட்டிலிருந்து ஒரு விளக்கம்

பெருமதிப்புக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவளும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் அக்கா கோபமாக இருக்கும் வீட்டில் யார்தான் சௌக்கியமாக இருந்துவிட முடியும் என்பதால், அந்தக் கேள்வியை மரியாதை கருதித் தவிர்க்கிறேன். சைக்கிள் கடை நன்றாக நடக்கிறது என்று நம்புகிறேன். கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் கடைக்கு அனுப்பியிருப்பதைப் பார்த்து நீங்கள் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம், யாருக்கும் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரும் கடிதத்தை முதலில் பிரிப்பது அக்கா. உங்கள் போனோ கடை மேசை டிராயரில் ஸ்பேனருக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில் அணைந்து கிடக்கும்; நீங்கள் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால்தான் அதற்கு உயிர் வரும். ஆகவே உங்கள் கைக்கே வந்து சேர இந்தக் காகிதத்தை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. தயவுசெய்து கையைத் துடைத்துவிட்டுப் படிக்கவும்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா இவளுக்குப் போன் செய்தாள். இவள் எடுத்தாள். ஆனால் அக்கா காதில் ஒரு வார்த்தைகூட விழுந்திருக்காது. அது அவமரியாதை இல்லை அத்தான், சத்தியமாக இல்லை. அது இன்டர்நெட் நெறிமுறை சம்பந்தப்பட்டது. இதை நீங்கள் அக்காவுக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அதற்கு முதலில் உங்களுக்குப் புரிய வேண்டும், அதற்கும் முன்னால் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நானோ நாள் முழுக்க லேபில் பல் செட் செய்து கொடுக்கிறவன். இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்கிறேன்.

இவள் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, அக்காவுக்கு நிச்சயமாகத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முந்தைய சண்டையே அதில்தானே ஆரம்பித்தது? அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருக்கும்போது அக்கா, "ஏம்மா, நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கியே, நீ செய்யற வேலை கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாவது உண்டா?" என்று கேட்டாள். கேள்வி சாதாரணமானதுதான். இவள், "தெரியாம இருந்தாத்தான் அண்ணி நல்லா செஞ்சிருக்கேன்னு அர்த்தம்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். "உங்க தையல் மாதிரி எல்லார் கண்ணுக்கும் தெரியணுமா என்ன?" என்று சேர்த்துச் சொன்னாள். அக்கா தைத்துக் கொடுத்த சட்டையை நான் போட்டுக்கொண்டிருந்தேன், தோள்பட்டைத் தையல் வெளியே பல்லை இளித்துக்கொண்டிருந்தது, எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அன்றைக்கு மூடிய வாய்கள் இரண்டும் அதற்கப்புறம் ஒருவருக்கொருவர் திறக்கவே இல்லை. அக்கா எப்போதாவது வீராப்பை விட்டுக் கூப்பிட்டாலும் இவள் கட் செய்துவிடுவாள். இவள் கூப்பிட்டால் அக்கா எடுக்கமாட்டாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதற்கு அர்த்தம் தெரியாதவர்கள் என்னை வந்து பார்க்கலாம்.

சரி, இவள் வேலை விஷயத்துக்கு வருகிறேன். உலகத்தில் நெட்டில் சேர்ந்த ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு முகவரி வேண்டுமாம். நமக்கு வீட்டு எண் போல. பழைய முறையில் அந்த முகவரிகள் எல்லாம் தீர்ந்துபோய்விட்டனவாம். அதனால் புதிதாக, மிக நீளமாக, இனி எந்தக் காலத்திலும் தீராத ஒரு முகவரி முறை கொண்டுவந்திருக்கிறார்கள். பழையதற்குப் பெயர் நாலாம் பதிப்பு, புதியதற்குப் பெயர் ஆறாம் பதிப்பு. "அஞ்சு எங்கம்மா போச்சு?" என்று நான் கேட்டேன். "அதை ஏதோ சோதனைக்குன்னு எடுத்து வெச்சாங்க, அப்படியே கிடப்புல போயிருச்சுங்க" என்றாள். நம் ஆட்கள் எங்கேயும் நம் ஆட்கள்தான் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், நாலாம் பதிப்புக்காரனும் ஆறாம் பதிப்புக்காரனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள முடியாது. ஒருவன் பேசுவது மற்றவனுக்குப் புரியாது. (இந்த இடத்தில் நான் நம் குடும்பத்தை உதாரணமாகக் காட்டினேன், இவள் முறைத்தாள்.)

கம்ப்யூட்டரை இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள் சின்னச் சின்ன ப்ரோக்ராம்கள் நிறைய உண்டாம். கடிகாரத்தைச் சரி செய்ய ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று குறித்துவைக்க ஒன்று. இவையெல்லாம் நாலாம் பதிப்பு மட்டுமே இருந்த காலத்தில் எழுதப்பட்டவை. இவற்றுக்கு ஆறாம் பதிப்பைச் சொல்லிக் கொடுப்பதுதான் இவள் வேலை. ஒரு பல்லைப் புதிதாக வைத்தால் சும்மா இருந்த பக்கத்துப் பல்லையும் எதிர்ப் பல்லையும் ராவ வேண்டியிருக்கும் இல்லையா, அதே கதைதான் இங்கேயும். வருகிறவர்களைக் குறித்துவைக்கும் ப்ரோக்ராமில் முகவரி எழுத ஒரு கட்டம் இருந்தது. பழைய முகவரிக்கு அளவெடுத்து வெட்டிய கட்டம். புது முகவரியின் வால் அதில் நுழையவில்லை. அது என்ன செய்தது தெரியுமா, நுழைந்த மட்டும் எழுதிக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டது. ஒரே அலுவலகத்து மெஷின்களுக்கெல்லாம் முகவரியின் முன்பாதி ஒன்றுதானாம், வாலில்தான் வித்தியாசம். வால் போனதும் எல்லாம் ஒன்றாகிவிட்டது. மறுநாள் இவளுடைய மேலாளர், "இந்த ஆபீஸ்ல ஒரே ஒரு மெஷின்தான் வேலை செய்யுது, மத்தவங்க எல்லாம் என்ன பண்றீங்க?" என்று கூட்டம் போட்டுக் கத்தினாராம்.

அதைச் சரி செய்து முடித்தால் பிரிண்டர் ப்ரோக்ராம். அது ரொம்ப நல்ல பிள்ளையாக முதல் சோதனையிலேயே தேறிவிட்டது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள், எனக்கும் ஒரு துண்டு டப்பாவில் வந்தது. நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இவள் கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டால், அந்த ப்ரோக்ராம் புது வழியை ஒரு தட்டு தட்டிப் பார்த்து, அது திறக்காமல் போகவும், சத்தம் போடாமல் பழைய வழியாகவே போய் வேலையை முடித்துவிட்டு வந்து, "ஆச்சு" என்று சொல்லியிருக்கிறது. அதை நம்பித்தான் கேக். நான், "காகிதம் அச்சாகி வந்துச்சா இல்லையா? அப்புறம் என்ன?" என்றேன். மேலாளரும் அதையேதான் சொன்னாராம். "வேலை செய்யுதில்ல, விடுங்கம்மா." இவள் விடுவாளா? அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாளாம்: "பழைய வழியில போயிட்டு வந்து புது வழியில போனேன்னு சொல்றது பாஸ் இல்ல சார். அதுக்குப் பேரு பொய்." கேக் சாப்பிட்ட வாயை நான் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது அத்தான் எங்கள் வீட்டுக் கஷ்டகாலம். பழைய வழி திறந்திருக்கும் வரைக்கும் இந்த ப்ரோக்ராம்கள் ஏமாற்றிக்கொண்டேதான் இருக்கும், அதனால் பழைய வழியை முழுசாக அடைத்துவிட்டு ஒரு வாரம் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தாள். அலுவலகத்தில் அடைக்க மேலாளர் விடமாட்டார். "நான் செஞ்சதை முதல்ல நான் சாப்பிட்டுப் பார்க்கணும்" என்று சொல்லி, எங்கள் வீட்டு ரௌட்டரில் நாலாம் பதிப்பை நிறுத்திவிட்டாள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, அந்தப் புருஷன் நான்தான். டிவி பெட்டிக்கு நேரம் சொல்ல ஆளில்லாமல் அதன் கடிகாரம் தன் இஷ்டத்துக்கு ஓடி, அதை நம்பி நான் விடிவதற்கு முன்பே குளித்துக் கிளம்பிப் போய் லேப் வாசலில் காவல்காரரோடு உட்கார்ந்திருந்தேன். வாசலில் மாட்டியிருக்கிறோமே காமெரா வைத்த அழைப்பு மணி, அது பழைய பதிப்பு மட்டும் தெரிந்ததாம், பிளம்பர் வந்து அழுத்து அழுத்து என்று அழுத்தியிருக்கிறார், உள்ளே ஒரு சத்தமும் இல்லை, கடைசியில் பின்பக்கச் சுவரேறி சமையலறை ஜன்னலில் தலையை நீட்டி, "வீட்டுல ஆள் இருக்கீங்களா?" என்றார். தோசைக்கரண்டியோ எதுவோ கையில் இருந்ததை இவள் அவர் மேல் எறியாமல் விட்டது அவர் செய்த புண்ணியம். எங்கள் நெட்டையே பங்கு போட்டுக்கொள்ளும் வீட்டுக்காரர், மாடியிலிருந்து இறங்கி வந்து, "பாதி சைட் வருது, பாதி வரலை, என் ஒருத்தனுக்கு மட்டுமா?" என்று கேட்டார். இவள் சந்தோஷமாகி, "எது எது வரலைன்னு சொல்லுங்க சார், எழுதிக்கறேன்" என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். அந்த மனிதர் குறை சொல்ல வந்து வேலைக்குச் சேர்ந்துவிட்டுப் போனார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் அத்தான். ஒவ்வொன்றாக உடைவதும், இவள் ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரி செய்வதும், ஒரு பிரிண்டர் உண்மையிலேயே புது வழியாக ஒரு பக்கத்தை அச்சடித்ததும் இவள் சின்னப் பிள்ளை மாதிரி அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராக ஆட்டியதும், பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத வேலைதான். ஆனால் அந்தக் காகிதத்தை அக்கா அப்போது பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நினைத்த முகூர்த்தமோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. இவள் போனில் அக்கா பெயர். நான் பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இவள் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். கட் செய்யத்தான் போகிறாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. எடுத்தாள் அத்தான்! மூன்று வருஷத்தில் முதல் தடவையாக எடுத்து, "அண்ணி" என்றாள். நான் குழாயை மூடிவிட்டுக் கிட்டே போனேன். அந்தப் பக்கம் பதில் இல்லை. "அண்ணி, நான்தான் பேசறேன்" என்றாள். பதில் இல்லை. அப்போதுதான் இவள் முகம் மாறியது. "ஐயோ, பழைய வழி!" என்றாள்.

நடந்தது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். அக்கா கூப்பிட்டது நெட்டில் பேசும் ஒரு ஆப் வழியாக; அதில் மணி அடிப்பது ஒரு வழியாக வருகிறது, பேச்சு வேறு வழியாக வருகிறது. மணி அடித்துவிடுகிற கம்பெனிக்கு இரண்டு பதிப்பும் தெரியும், அதனால் மணி அடித்தது, எடுத்ததும் நேரம் ஓட ஆரம்பித்தது. ஆனால் உங்கள் வீட்டு நெட் நாலாம் பதிப்பு மட்டும், எங்கள் வீடு அன்றைக்கு ஆறாம் பதிப்பு மட்டும். நடுவில் நின்று பேச்சைக் கை மாற்றிவிட ஒருவன் இருப்பானாம், அவனும் பழைய பதிப்புக்காரன். ஆகவே அக்கா பேசியது இங்கே வரவில்லை, இவள் பேசியது அங்கே போகவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்காவது ஒரு பக்கம்தான் செவிடு, இங்கே இரண்டு பக்கமும். இவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே, "அண்ணி வெச்சிடாதீங்க, கேக்கலைன்னா வெச்சிடாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். கட் செய்து திரும்பக் கூப்பிடலாமே என்றேன். "கட் பண்ணா, கட் பண்ணிட்டேன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?" என்று சைகையிலேயே கத்தினாள். வெகு நேரம் அப்படியே ஓடியது. அங்கே அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு, இவள் ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று காத்திருந்திருப்பாள். நீங்களும் பக்கத்தில்தான் இருந்திருப்பீர்கள். அக்கா போன் பேசும்போது எழுந்து போகும் உரிமை உங்களுக்கு எப்போது இருந்தது? நான்தான், ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற வேகத்தில், பழைய வழியைத் திறக்கிறேன் பேர்வழி என்று ரௌட்டரிடம் ஓடி, அதில் கைக்கு அகப்பட்ட ஒரு ஒயரைப் பிடுங்கினேன். அது வீட்டு நெட்டுக்கே உயிர் கொடுக்கிற ஒயர். புது வழி, பழைய வழி, மணி அடித்த வழி எல்லாம் ஒரே மூச்சில் போயின. போன் கட் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு இவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தக் காகிதம் தாங்காது. ஆனால் திட்டவில்லை. ஒயரைத் திரும்பச் செருகி, ஒரு வாரமாகக் கட்டிக்காத்த விரதத்தைத் தன் கையாலேயே கலைத்து, நாலாம் பதிப்பைத் திறந்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. சாதாரணப் போனிலும் கூப்பிட்டாள். அதே பதில். திங்களும் அதே. இன்றைக்கும் அதே. மேலாளரிடம், "சோதனையை முதல்லேருந்து ஆரம்பிக்கணும் சார், நடுவுல பழைய வழியைத் திறந்துட்டேன்" என்று இவளே சொல்லிவிட்டாள். ஏன் திறந்தாய் என்று அவர் கேட்டதற்கு, "குடும்ப விஷயம்" என்றாளாம். சரியாகச் சாப்பிடுவதில்லை. பிரிண்டர் அடித்தாலும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதில்லை.

ஆகவே அத்தான், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு நல்ல மனநிலை இருக்கும் நேரமாகப் பார்த்து, அப்படி ஒரு நேரம் கிடைக்காவிட்டால் சாப்பிட்டு முடித்த பின்னால், இதை எடுத்துச் சொல்லுங்கள். இவள் வேண்டுமென்று பேசாமல் இருக்கவில்லை. அக்கா சொன்னதில் ஒரு எழுத்துகூட இவள் காதில் விழவில்லை. கட் செய்தது இவள் இல்லை, நான். முகவரி, பதிப்பு எல்லாம் குழப்பமாக இருந்தால் விட்டுவிடுங்கள், இவ்வளவு மட்டும் சொன்னால் போதும்: ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, இருந்தும் போனை வைக்க மனசு வரவில்லை. இதைச் சொல்லிப் புரியவைக்க உங்களைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். முழங்கால் வலிக்கு எண்ணெய் தடவுவதை விட வேண்டாம். கடைசி கடைவாய்ப் பல் ஆடுகிறது என்றீர்களே, அதை நாக்கால் நெருடாதீர்கள். நேரில் வரும்போது நானே பார்த்துச் செய்து தருகிறேன். அக்காவுக்கு என் வணக்கத்தை, வாங்கிக்கொள்வாள் என்று தோன்றினால் மட்டும் சொல்லவும். இவளும் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள்.

என்றும் உங்கள் தயவை எதிர்பார்க்கும்
மைத்துனன்

பின்குறிப்பு: அத்தான், மேலே எழுதிய எதையும் அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். ஒரு வரிகூட வேண்டாம்.

உறையில் பசை தடவிக்கொண்டிருந்தேன், வாசல் கதவை யாரோ கையாலேயே இடித்தார்கள். திறந்தால் அக்கா! கையில் ஒரு பை. "என்னடா முழிக்கிற, தள்ளு" என்று என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். நீங்கள்தான் பஸ் ஏற்றிவிட்டீர்களாமே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்த போனை டிராயரிலிருந்து எடுத்தால் என்ன? இவள் சமையலறையிலிருந்து வந்து சிலை மாதிரி நின்றாள். அக்கா போய் இவளைக் கட்டிக்கொண்டாள். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அப்புறம்தான் அக்கா என்னிடம் சொன்னாள். "மூணு வருஷமா மனசுல இருந்ததையெல்லாம் அன்னிக்குக் கொட்டித் தீர்த்துட்டேன்டா. நடுவுல ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசணுமே? ம்ஹூம். கட் பண்ணிடுவான்னு பயந்துட்டேதான் பேசினேன். பண்ணலையே! நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் மூச்சு விடாம கேட்டுட்டு, முடிச்சதும் அழுகை தாங்காமதான் வெச்சிருப்பா. எனக்கும் கண்ணு மறைச்சு போனை வாளித் தண்ணிக்குள்ள போட்டுட்டேன். நான் என்னமோ இவளைப் படபடன்னு வெடிக்கிறவள்னு நினைச்சுட்டிருந்தேன்."

அத்தான், நான் வாயைத் திறக்கப் போனேன், விளக்கமெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இவள் அக்காவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். அக்கா இவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் கேட்டே இல்லம்மா? திரும்ப ஒரு தடவை என்னால சொல்ல முடியாது" என்றாள். தன் மேலாளர் முகத்துக்கு நேராகப் பொய் என்று சொன்னவள், கேக்கை வீணாக்கியவள், கொஞ்சமும் தயங்காமல், "கேட்டேன் அண்ணி. எல்லாத்தையும் கேட்டேன்" என்றாள்.

பிற்பாடு தனியாக இருக்கும்போது, "இது மட்டும் என்னவாம்?" என்று கேட்டேன். "இது பாஸ்" என்றாள்.

இப்போது அக்கா கூடத்தில் உட்கார்ந்து என் சட்டையின் தோள்பட்டையைப் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டிருக்கிறாள், இவள் பக்கத்தில் உட்கார்ந்து பிரிண்டர் காகிதத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் தலையை ஆட்டுகிறாள். ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு உதவி. அன்றைக்கு அக்கா பேசும்போது நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள்? அவள் என்ன சொன்னாள் என்பதை ஒன்றுவிடாமல் எழுதி, என் லேப் முகவரிக்கு அனுப்புங்கள். இவள்தான் கேட்கச் சொன்னாள். யாருக்கும் தெரியாமல் படிக்க வேண்டுமாம்.